கண்ணாடிக் கதவில் இல்லாத பட்டை

சனிக்கிழமை காலைக் கூட்டத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். மேசையின் தலைமாட்டில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, எங்கள் இன்டீரியர் கம்பெனியின் முதலாளி கிருஷ்ணபிரசாத். அவருக்கு வலப்பக்கம் அவருடைய மகளும் டிசைனருமான சுஷ்மா, லேப்டாப்பைத் திறந்து வைத்தபடி. எதிர்க்கோடியில், வாசலை ஒட்டிய நாற்காலியில், சைட் இன்ஜினியர் தமிழ்ச்செல்வன். வெளியே போ என்றால் உடனே போக வசதியாக நுனியில் உட்கார்ந்திருந்தான். பிரிண்டருக்குப் பக்கத்தில் நான், அருணாசலம். கம்பெனியிலிருந்து வெளியே போகும் கடிதம் ஒவ்வொன்றையும் எழுதுவது என் வேலை. சாத்தூர் பள்ளிக்கூடத்தில் தேதி, பெறுநர், பொருள் என்று வரிசை தப்பாமல் எழுதப் பழகியது, இங்கே சோறு போடுகிறது.

கூட்டம் யாரைப் பற்றியதோ அந்த ஆண்டனி வரவில்லை. அவர் தார்நாகாவில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தார்.

நடந்தது இதுதான். மாதாப்பூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்கு ஒரு மாடி முழுவதும் நாங்கள் வேலை செய்து கொடுத்தோம். பேன்ட்ரிக்கும், ஊழியர்கள் உட்கார்ந்து பேசுகிற கூடத்துக்கும் நடுவே தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. கதவும் அதிலேயே. சட்டம் கிடையாது, கைப்பிடி கிடையாது. தள்ளினால் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மரநிறத் தரை, ஒரே வெளிச்சம். அறை எங்கே முடிகிறது என்று தெரியக்கூடாது என்பது சுஷ்மாவின் எண்ணம். ஆனாலும் ஆள் முட்டிக்கொள்ளக் கூடாதே. அதனால் கண் உயரத்தில் வெள்ளையாக ஒரு ஸ்டிக்கர் பட்டை. வரைபடத்தில் உண்டு, கதவிலும் ஒட்டினோம். இடத்தை ஒப்படைத்த அன்றைக்கு இருந்தது. ஊழியர்கள் உடனே வந்து உட்கார்ந்துவிட்டார்கள், திறப்பு விழா மட்டும் சில மாதங்கள் தள்ளிப்போயிற்று.

அப்புறம் ஏதோ டிசைன் போட்டிக்குப் படம் அனுப்ப வேண்டியிருந்தது. விழாவுக்கு முந்தின நாள் ஆபீஸ் முடிந்த பிறகு வந்த ஃபோட்டோகிராபர், பட்டை படத்தைக் குறுக்கே அறுக்கிறது என்றார். எங்கள் தொழிலில் இது வழக்கம்தான். படத்துக்காக உரிப்போம், மறுநாள் புதிதாக ஒட்டுவோம். சுஷ்மா சொன்னாள், தமிழ்ச்செல்வன் உரித்தான். புதுச் சுருள் வரத் தாமதமானது. அதுவரைக்கும் இருக்கட்டும் என்று மாஸ்கிங் டேப்பைப் பெருக்கல் குறி மாதிரி ஒட்டி வைத்தான். திறப்பு விழா அன்று காலை அதுவும் போயிற்று. அன்றைக்கே, பேன்ட்ரி பொறுப்பாளர் ஆண்டனி இரண்டு கையிலும் காபித் தட்டோடு கதவில் மோதினார். கண்ணாடி கெட்டி, அது உடையவில்லை. கோப்பைகள் உடைந்தன. ஒரு சில்லு இடது கண்ணில் ஏறிவிட்டது. அந்தக் கண் இனி இல்லை.

"அந்த டேப்பு நான்தான் கிழிச்சேன், ஹவ்," என்றார் கிருஷ்ணபிரசாத். பிறந்து வளர்ந்ததெல்லாம் செகந்தராபாத். தமிழும் அந்த ஊர் உருது கலந்துதான் வரும்: ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ, ஏன் என்பதற்கு கைக்கு. "அமெரிக்காவுலேந்து ஆளுங்க வராங்க, இவன் கதவுல எக்ஸ் போட்டு வெச்சிருக்கான். முனிசிபாலிட்டி இடிக்கப்போற வீட்டுக்குப் போடுவாங்களே, அந்த மாதிரி. எவன் கிழிக்க மாட்டான்?"

"வேணாங்க சார்னு சொன்னனுங்களே," என்றான் தமிழ்ச்செல்வன்.

"சொன்னே. புதுப்பொண்ணு புருஷன்கிட்ட பேசற மாதிரி சொன்னே. எனக்குக் கேக்கல."

நான் அன்று காலை அங்கேதான் கடைசி பில் காகிதங்களோடு நின்றிருந்தேன். அவன் சத்தமாகவே சொன்னான்.

"டாடி, லெட்டர்," என்றாள் சுஷ்மா. தமிழ் அவளுக்குப் புரியும், பேச மாட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, திரையைப் பார்த்தபடியே கேட்டாள். "ஹிஸ் அதர் ஐ ஈஸ் ஓகே, ரைட்?"

கிருஷ்ணபிரசாத் என் பக்கம் திரும்பி, எழுதுங்க என்று கையைக் காட்டினார்.

சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து கேட்டிருந்தது ஒரே கேள்வி. கதவில் எச்சரிக்கைப் பட்டை இருந்ததா? 'இருந்தது' என்று நாங்கள் சொன்னால் தப்பு ஆண்டனியுடையது. கேட்டரிங் கான்ட்ராக்டர் அவரைக் கவனக்குறைவுக்காக வேலையை விட்டு நீக்குவார். நஷ்டஈடு என்ற பேச்சே இருக்காது. 'இல்லை' என்று சொன்னால் எல்லாம் எங்கள் தலையில்.

கிருஷ்ணபிரசாத் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். தமிழில் அது இப்படி வரும்: 'இடம் ஒப்படைக்கப்பட்ட தேதியில், வரைபடத்தின்படி எச்சரிக்கைப் பட்டை கதவில் ஒட்டப்பட்டிருந்தது.'

"அவ்வளவுதான். அதுக்கு மேல நக்கோ. இதுல பொய் இருக்கா சொல்லுங்க."

"பொய் இல்ல சார்."

"அப்ப கைக்கு மூஞ்சிய அப்படி வெச்சிருக்கீங்க?"

"அவங்க கேக்கறது அடிபட்ட அன்னிக்கு இருந்துச்சான்னு."

"நாம சொல்றது ஒப்படைச்ச அன்னிக்கு. படிச்சவங்கதானே? வித்தியாசம் தெரியலேன்னா நாம என்ன ட்யூஷனா எடுக்க முடியும்? திங்கக்கிழமை கையெழுத்துப் போடறேன், ரெடி பண்ணுங்க."

வெளியே லிஃப்ட்டுக்கு நிற்கும்போது தமிழ்ச்செல்வன் பக்கத்தில் வந்தான். தர்மபுரிக்காரன், இங்கே வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. "சார், நீங்க ஏதாச்சும் மாத்தி எழுதினா உரிச்சது யாருன்னு கேப்பாங்க. அவரு என்னைத்தான் காட்டுவாரு. வூட்ல இப்பத்தான் ஊர்லருந்து வந்து சேர்ந்திருக்கா. ஒரு சிலிண்டர்கூட இன்னும் வாங்கல."

நான் "பாப்போம்" என்றேன். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியவில்லை.

மல்காஜ்கிரிக்கு வீடு திரும்பும் வழியில் தார்நாகாவில் இறங்கினேன். அந்த ஆபீசுக்குப் போய்வந்த மாதங்களில் ஆண்டனி எனக்கென்று சர்க்கரை இல்லாமல் ஒரு காபி தனியே எடுத்து வைப்பார். தூத்துக்குடிக்காரர், நான் சாத்தூர் என்றதும் அண்ணாச்சி ஆக்கிக்கொண்டார். கட்டில் ஓரத்தில் அவர் மனைவி ப்ரியா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க அண்ணாச்சி. ஒத்தக் கண்ணால பாத்தா கொஞ்சம் மெலிஞ்சாப்ல தெரியுதிய."

"சும்மா கெடங்க," என்றாள் ப்ரியா. "ரெண்டு கண்ணு இருந்தப்பவே அறுந்த வாயி."

கொஞ்ச நேரம் சாப்பாடு, டாக்டர் என்று பேசினோம். பிறகு அவரே தொடங்கினார். "பட்டை இருந்துச்சாமே? கான்ட்ராக்டரோட மேனேஜர் வந்து ட்ராயிங்கக் காட்டினாரு."

"நீங்க என்ன பாத்தீங்க?"

"கதவ நான் எங்க பாத்தேன்? அத யாரு பாக்க முடியும்? பட்டையத்தான் பாப்பேன். பட்டை எதுக்க வந்தா சாத்தியிருக்குன்னு அர்த்தம், தோளக் குடுத்துத் தள்ளுவேன். எதுக்க பட்டை இல்லன்னா எவனோ தெறந்து வச்சிருக்கான், நேரா போயிரலாம். மாசக்கணக்கா அப்படித்தான். அன்னைக்குப் பட்டை இல்ல. வேகமா போனேன்."

விழாவுக்கு வந்த விருந்தாளிகள் ஒருவரும் அந்தக் கதவில் முட்டவில்லை. எல்லாம் புது இடம், கையை நீட்டித் தடவிக்கொண்டு போனார்கள். கதவைப் பட்டையால் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தது அவர் ஒருவர்தான். கற்றுக்கொடுத்தது நாங்கள் ஒட்டிய பட்டை.

"ஆனா அந்த மேனேஜரு இருந்துச்சுன்னு சாதிக்காரு," என்றார் ஆண்டனி. "அப்ப எனக்கு முன்னாடியே பார்வை மங்கிப்போச்சு போல. இருக்கறத இல்லன்னு பாத்திருக்கேன். இந்தக் கண்ணும் அந்த லட்சணந்தானோ என்னமோ."

"செவுத்துக் காலண்டரப் பாத்து நம்பர வாசிச்சுக்கிட்டே கெடக்காரு," என்றாள் ப்ரியா. "சரியாத்தான் சொல்லுதிய, வாசிச்சது போதும்னா கேக்க மாட்டேங்காரு. என் கவனக்குறைவுதான்னு கையெழுத்தும் போட்டுக் குடுத்தாச்சு. உங்க கம்பெனி கடுதாசி வந்தா கணக்க முடிச்சிருவாங்களாம்."

நான் ஒரு கடிதத்தில் எழுதுவது போல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். "ஆண்டனி, பட்டை அன்னிக்கு இல்ல. படம் எடுக்கறதுக்காக உரிச்சாங்க. அதுக்குப் பதிலா ஒட்டின டேப்பையும் முதலாளி கிழிச்சாரு. நான் பாத்தேன். உங்க கண்ணு இருந்தபடிதான் பாத்துச்சு."

அவர் முகம் தெளியும் என்று நினைத்திருந்தேன். அவர் கையைத் தூக்கி இடது கண்ணின் கட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப நல்ல கண்ணுதான் போச்சா அண்ணாச்சி?"

ப்ரியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினேன். பெறுநர் அந்த சாஃப்ட்வேர் கம்பெனிதான்; அனுப்புநர் என்ற இடத்தில் எங்கள் கம்பெனி பெயரைப் போடாமல் என் பெயரையும் மல்காஜ்கிரி விலாசத்தையும் போட்டேன். கிருஷ்ணபிரசாத் சொன்ன வாக்கியத்தை அப்படியே முதலில் வைத்தேன், உண்மைதானே. அதன் கீழே, ஒப்படைத்த பிறகு படத்துக்காகப் பட்டை அகற்றப்பட்டது, விழா அன்று காலை தற்காலிக டேப்பும் நிறுவன உரிமையாளரால் அகற்றப்பட்டது, நான் அங்கே நின்று பார்த்தேன், விபத்தின்போது கதவில் எந்த அடையாளமும் இல்லை என்று எழுதினேன். ஆண்டனி எழுதிக் கொடுத்தது, நடந்ததை அறியாமல் எழுதிக் கொடுத்தது என்றும் சேர்த்தேன்.

என் மனைவி நீலா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள். வேலை போய்விடும் என்பதைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. அது தெரிந்ததுதான்.

"அகற்றப்பட்டதுன்னா, யார் அகற்றினது?"

"அந்தப் பையன். பேரு போடல."

"போடலேன்னா விட்டுருவாங்களா?"

"விட மாட்டாங்க."

"அவன் பொண்டாட்டி இப்பத்தானே வந்திருக்கான்னீங்க?"

வேறு எப்படி எழுதலாம் என்று மத்தியானம் முழுக்கப் பார்த்தேன். உரித்ததை விட்டுவிட்டால் பட்டை எப்படிப் போயிற்று என்ற கேள்வி நிற்கும். அந்த ஓட்டையில் ஆண்டனியைத் தள்ளிவிடுவார்கள். 'டிசைன் பிரிவின் உத்தரவின்பேரில்' என்ற சொற்களை மட்டும் சேர்த்தேன். அது அவனைக் காப்பாற்றாது. கொஞ்சம் துணைக்கு நிற்கும், அவ்வளவுதான். தமிழ்ச்செல்வனுக்குப் போன் செய்து சொன்னேன். அவன் "சரிங்க சார்" என்றான். திட்டியிருந்தால் தேவலை.

திங்கட்கிழமை ஆபீசுக்குப் போகும் முன் தபாலாபீசில் நின்றேன். கூட்டம் இல்லை. கையெழுத்திட்டு, மடித்து, உறையில் போட்டேன். பசை தொட்டு விளிம்பை ஒட்டி, அது காய்கிறவரைக்கும் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டிருந்தேன். கவுண்டரில் இருந்த பெண் "ஸ்பீடு போஸ்டா?" என்று ஹிந்தியில் கேட்டு வாங்கினாள். எடை பார்த்தாள், சீட்டை ஒட்டினாள், என் முகத்தைப் பார்க்காமலே முதுகுக்குப் பின்னால் இருந்த சாக்குப் பைக்குள் போட்டாள்.