உரக்குழிக்குள் ஒரு கை

அறுபத்து மூன்றாம் வருஷக் கடைசியில் எங்கள் வானகரத்துப் பஞ்சாயத்துக்குத் திடீரென்று சுத்தம் பிடித்துக்கொண்டது. ஏரிக்கரையில் இனிமேல் யாரும் குப்பை கொட்டக் கூடாது. வீட்டுக்கு வீடு கொல்லையில் உரக்குழி வெட்டி, குப்பை, சாணம், மண் என்று அடுக்கடுக்காய்ப் போட்டு மூட வேண்டும் என்று தமுக்கடித்துச் சொன்னார்கள். இதைப் பார்த்துக்கொள்ள யூனியன் ஆபீசிலிருந்து கிராம சேவக் லோகநாதன் புதன்கிழமைதோறும் சைக்கிளில் வருவார்.

அவருடைய சோதனை ஒன்றே ஒன்றுதான். சட்டைக் கையை மடித்துவிட்டு, முழங்கை வரைக்கும் குழிக்குள் கையை விடுவார். உள்ளே சுட்டால் குப்பை மக்குகிறது. சுடாவிட்டால் நமக்குப் பாட்டு. முடிந்ததும் எங்கள் வீட்டில்தான் கை கழுவி, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு, மனைவிக்கு இது ஒன்பதாம் மாதம் என்று பேசிக்கொண்டிருப்பார். நல்ல மனுஷர். அதனால்தான் இதைச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது.

தை மாதப் பனியில், ஒரு திங்கட்கிழமை காலை, சாணக் கூடையோடு கொல்லைக்குப் போனேன். குழியோரம் மண் வெடித்திருந்த இடுக்குக்குள் ஒரு நல்ல பாம்பு இறங்கிக்கொண்டிருந்தது. குழியின் சூட்டுக்கு வந்திருக்கிறது. வால் மறைகிற வரைக்கும் மூச்சு விடாமல் நின்றேன். கூடை எப்போது கீழே விழுந்தது என்றே தெரியாது.

யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு பிள்ளைகளை மண்ணில் போட்டவள் நான். அதற்கப்புறம் நாற்பத்தெட்டு நாள் புற்றைச் சுற்றி, எங்கள் வீட்டால் பாம்புக்கு ஒரு கெடுதலும் வராது என்று வேண்டிக்கொண்டு பெற்றவள் நாகவல்லி. ஒன்றரை வயசு. என் வீட்டுக்காரர் கோதண்டம் அம்பத்தூரில் கம்பெனி வேலைக்குப் போகிறவர். காதில் விழுந்தால் கடப்பாரையோடுதான் வருவார். அந்தப் பாம்பு செத்தால் என் குழந்தையும் போய்விடும் என்று நம்பினேன். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள். குழந்தையைப் புடவையால் கட்டில் காலில் கட்டிப் போட்டுவிட்டு, குழியோரம் முட்டையும் கிண்ணத்தில் பாலும் வைத்தேன்.

மூன்றாம் நாள் புதன். லோகநாதன் வந்தார். சட்டைக் கையை மடித்தார். உள்ளே விட்டார். நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. கை அப்படியே வெளியே வந்தது. நன்றாகச் சுடுகிறது என்று என்னைப் பாராட்டினார். சொம்பு வழிய வழியத் தண்ணீர் கொடுத்ததில் அவர் கால் நனைந்தது.

அந்த வாரம் முழுக்கக் கிண்ணத்துப் பால் குறையவே இல்லை. வைக்கிற முட்டை மட்டும் தினமும் காணாமல் போனது.

அடுத்த புதன்கிழமை, பக்கத்துச் சந்து வழியாக நேராகக் கொல்லைக்கே வந்துவிட்டார். முந்தின நாள் பையன் பிறந்திருக்கிறான் என்று முகமெல்லாம் சிரிப்பு. பேசிக்கொண்டே சட்டைக் கையை மடித்துக் குனிந்தார். ஓடிப் போய் அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு முத்தம்மாள் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"கைய வெக்காதீங்க சார். உள்ள நல்ல பாம்பு கீது."

துள்ளிப் பின்னால் போனார். குழியைப் பார்த்தார். அப்புறம் பால் கிண்ணத்தைப் பார்த்தார். அதில் பல நாள் ஆடை காய்ந்து ஒட்டியிருந்தது.

"போன வாரம் கைய உட்டேனே. அப்பவும் உனக்குத் தெரியுமாம்மா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். மடித்த கையை இறக்கிப் பித்தான் போடப் பார்த்தார். அது மாட்டவே இல்லை. அப்படியே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தண்ணீர் கேட்கவில்லை.

முத்தம்மாள் சும்மா இருப்பாளா? சாயங்காலம் கோதண்டம் கடப்பாரையோடு குழியைப் பிரித்தார். நான் குழந்தையை இறுக்கிக்கொண்டு உள்ளே கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். குழிக்குள் பாம்பு உரித்த சட்டை மட்டும்தான் இருந்தது. பாம்பு எப்போதோ போய்விட்டது. இதற்கா அந்த ஆளைக் கலங்கடித்தாய் என்று அவர் சிரித்தார்.

நாகவல்லி நன்றாக இருக்கிறாள், தெருவெல்லாம் ஓடுகிறாள். லோகநாதன் இப்போது ஒரு இரும்புக் கம்பி கொண்டுவருகிறார். மற்ற வீட்டுக் குழிகளிலெல்லாம் அதைத்தான் குத்தி எடுத்துத் தொட்டுப் பார்க்கிறார். எங்கள் வீட்டுக்குள் மட்டும் வருவதில்லை. தெருவில் நின்றபடியே சுடுகிறதா என்று கேட்பார். சுடுகிறது என்பேன். எழுதிக்கொள்வார். தண்ணீரை முத்தம்மாள் வீட்டில் வாங்கிக் குடிக்கிறார்.

பாம்பு பயம் எனக்குப் போய்விட்டது. இப்போது பயமெல்லாம் புதன்கிழமை சைக்கிள் மணிக்குத்தான்.