நீல ஸ்கர்ட்டின் வலது பை

என் கொழுந்தன் ஹாய்ட் என் வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்த வரைக்கும் நான் ஒரு வீடுகூட விற்கவில்லை. அதற்கு முன்பு அமெரிக்காவின் ஓசார்க் மலையில் எங்கள் பக்கத்தில் வெர்லீன் டாக்கெட், அதாவது நான், கைவைத்த வீடு விலைபோகாமல் நின்றதாகச் சரித்திரமே இல்லை. வேண்டுமானால் யாரையாவது கேட்டுப் பாருங்கள். ஹாய்ட்டை மட்டும் கேட்காதீர்கள், பொழுது போய்விடும்.

வினை பக்கத்து மாவட்டத்தில் ஆரம்பித்தது. அங்கே வீடு காட்டப் போன ஒரு பெண்ணை, வாங்க வந்தவன் மாதிரி வந்த ஒருவன் துணி அலமாரிக்குள் தள்ளிப் பூட்டிவிட்டு அவள் காரை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். மறுநாளே எங்கள் அலுவலக முதலாளி பிக்கெட் சட்டம் போட்டார். மலைப்பக்கத்து வீடுகளுக்குப் பெண்கள் தனியாகப் போகக் கூடாது, கூட ஒரு ஆண் வேண்டும். என் கணவர் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது. மகன் கடற்படையில் இருக்கிறான். மிச்சம் இருந்த ஆண் என் கணவரின் தம்பி ஹாய்ட்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், இடுப்பில் பெரிய துப்பாக்கி, கையில் எந்நேரமும் வேகவைத்த வேர்க்கடலைப் பொட்டலம். தோலெல்லாம் என் வண்டித் தரையில்.

கடலைத் தோலைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். வாய்தான் தாங்கவில்லை. புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று, பழங்காலக் குளியல் தொட்டியைப் பார்த்துச் சொக்கி நின்றது. பெண் அதன் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். எனக்குள் மணி அடித்தது, வீடு விற்றாயிற்று. அப்போது ஹாய்ட் தொண்டையைச் செருமினார்.

"இந்தத் தொட்டிலதாம்மா எங்க க்ளெட்டஸ் சித்தப்பா உசுரு போச்சு. ஞாயித்துக்கிழம சர்ச்சுக்கு வரலியேன்னு தேடிக்கிட்டு வந்தோம். தண்ணியே அப்படியே இருந்துச்சு. தங்கமான மனுஷன்."

அந்த ஜோடியை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை.

நேராக பிக்கெட்டின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். "ஆம்பளைங்க மட்டும் தனியாப் போறாங்களே, அது எப்படி?"

"அவங்க பையில துப்பாக்கி இருக்கும்மா."

"என் பையில இருந்தா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சிரிக்கலாமா என்று யோசித்து, என் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று முடிவு செய்தார். "நெல்டாகிட்ட சுட்டுக் காட்டு. நீ தேறிட்டன்னு அவ வாயால சொல்லட்டும். அப்புறம் எந்தக் காட்டுக்கு வேணும்னாலும் தனியாப் போ."

நெல்டா என்னோடு பள்ளியில் படித்தவள். துப்பாக்கிக் கடை வைத்திருக்கிறாள், கடைக்குப் பின்னால் மண்மேட்டை வெட்டிச் சுடுகளம் போட்டிருக்கிறாள். நான் போனபோது ஹாய்ட்டும் கூடவே வந்தார். வர வேண்டாம் என்றால் அவருக்குக் காது கேட்காது.

நெல்டா முதலில் எடுத்து வைத்தது ரோஸ் நிறத்தில் இருந்தது.

"பொம்பளைங்களுக்குன்னு வர்றதுடி இது."

"இத எந்தப் பொம்பள வாங்குறா?"

"ஒருத்தியும் வாங்கல. புருஷங்காரனுங்கதான் வாங்கிட்டுப் போறானுங்க. அடுத்த வாரம் அவளுங்க வந்து மாத்திட்டுப் போறாளுங்க."

பிறகு கண்ணாடிப் பெட்டியின் மூலையிலிருந்து குட்டியாக, சாம்பல் நிறத்தில் ஒன்றை எடுத்தாள். மூக்கு சப்பையான ரிவால்வர். அலுமினிய உடம்பு, ஐந்து தோட்டா. உருளையைத் திறந்து, உள்ளே ஒன்றுமில்லை என்று காட்டிவிட்டு என் உள்ளங்கையில் வைத்தாள். அடடா! இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. வீடு அளக்கும் என் எஃகு டேப்பை இன்னொரு கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்தேன். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

பெண்களுக்கு உடை தைக்கும் கம்பெனிக்காரர்கள் நமக்குக் கையே கிடையாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவனும் பை வைப்பதில்லை. அதனால் என் ஸ்கர்ட்டுகளுக்கெல்லாம் நானே பை தைத்துக்கொள்கிறேன். இடது பையில் டேப், வலது பையில் இது. இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கும், ஸ்கர்ட் ஒரு பக்கமாக இழுக்காது. கண்ணாடி முன்னால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தேன். அறுபது வயதில் ஒரு பொருளைப் பார்த்து எனக்கு அப்படி ஆசை வரும் என்று நினைக்கவே இல்லை.

"எலி மாதிரி இருக்கு அண்ணி" என்றார் ஹாய்ட். "திருடன் பாத்தா எலிப்பொறியத் தேடுவான்."

"உன் பீரங்கியத் தூக்கித் தூக்கி உன் பேன்ட் முழங்காலுக்கு வந்துருச்சு, அதப் பாரு மொதல்ல."

நெல்டா மட்டும் சிரிக்கவில்லை. "வெர்லீன், ஒண்ணு சொல்றேன் கேளு. இந்த மாதிரி லேசானது சொமக்கத்தான் சொகம். சுட்டா உசுர வாங்கும். கனமான துப்பாக்கின்னா உதையில பாதிய அதுவே வாங்கிக்கும். இது அப்படியே முழுசா உன் கையில குடுத்துடும்."

"குடுக்கட்டும். என் கை எத்தனையோ வாங்கியிருக்கு."

பெரிய வாய் பேசிவிட்டு மண்மேட்டுக்கு எதிரே போய் நின்றேன். காது மூடி, கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்து, விசையை இழுத்தேன். இழுத்துக்கொண்டே இருந்தேன். வெடிக்கவே வெடிக்காதோ என்று நினைத்த நொடியில் வெடித்தது.

கதவு இடுக்கில் கை மாட்டியிருக்கிறதா உங்களுக்கு? அதுதான். உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை சுரீர் என்றது. "அட சண்டாளா!" என்று கத்திவிட்டேன். கத்திய கையோடு சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நெல்டாவுக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு கிழவிகள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தோம். தாளில் ஓட்டை இல்லை. மண்மேட்டில் எங்கோ புழுதி கிளம்பியிருந்ததாம்.

"இன்னொண்ணு" என்றேன்.

அன்றே அதை வாங்கிவிட்டேன். அடுத்தடுத்த வாரங்களில் என் கட்டைவிரல் அடிப்பக்கம் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்தது. சர்ச்சில் கை குலுக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆனால் உதையைவிடப் பெரிய எதிரி வேறு என்று நெல்டா காட்டிக்கொடுத்தாள். என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு அவளே ரிவால்வரை நிரப்புவாள். உருளையின் சில அறைகளில் நல்ல தோட்டா, சிலவற்றில் சுட்டுத் தீர்ந்த வெறும் கூடு. எது எங்கே என்று எனக்குத் தெரியாது. வெறும் கூடு இருக்கும்போது விசையை இழுத்தால் 'டிக்' என்று மட்டும் கேட்க வேண்டும், குழல் அசையக் கூடாது. என் குழலோ ஒவ்வொரு டிக்குக்கும் குனிந்து கும்பிடு போட்டது. உதை வருவதற்கு முன்பே நான் பயந்து கையைத் தாழ்த்தியிருக்கிறேன்.

"இதுல துப்பாக்கி என்னடி பண்ணும்? பயப்படுறது நீ" என்றாள் நெல்டா.

விட்டேனா? வீட்டில் காபி கொதிக்கும்போது, படுக்கப்போகும் முன்பு, வெறும் ரிவால்வரைச் சுவரில் ஒரு புள்ளிக்கு நேரே பிடித்து டிக், டிக் என்று இழுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் நெல்டா வைத்த வெறும் கூடு டிக் என்றது, குழல் அப்படியே நின்றது. அவள் என் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். துப்பாக்கி உதையைவிட அது வலித்தது.

தேர்வு சனிக்கிழமை. ஹாய்ட்டும் வந்து, எனக்குத் துணையாம், என் வலது பக்கத் தடத்தில் நின்றார். "ஆம்பள எப்படிச் சுடுவான்னு பாத்துக்குங்க அண்ணி."

சுட்டேன். எத்தனை தோட்டா என்று யாரும் எண்ணவில்லை. பக்கத்தில் அவருடைய பீரங்கி ஒவ்வொரு முறை வெடிக்கும்போதும் தரை அதிர்ந்தது. நான் என் தாளை மட்டும் பார்த்தேன். முடிந்ததும் துப்பாக்கிகளைக் காலி செய்து மேசையில் வைத்துவிட்டு மூவரும் தாளைப் பார்க்க நடந்தோம்.

நடுவில் ஓட்டைகள் கொத்தாக இருந்தன. மனம் துள்ளியது. ஆனால் விளிம்பெல்லாம் கன்னாபின்னாவென்று வேறு ஓட்டைகள்.

நெல்டாவின் முகம் வாடியது. "இத்தன வெளிய போயிருக்கே. தேறாதுடி."

எனக்குக் கண் இருட்டியது. இனி ஆயுசு முழுக்க என் முன்சீட்டில் ஹாய்ட். ஆயுசு முழுக்கக் கடலைத் தோல். ஆயுசு முழுக்க க்ளெட்டஸ் சித்தப்பா.

"வருத்தப்படாதீங்க அண்ணி" என்றார் ஹாய்ட், தாராளமாக. "நான் இருக்கேன்ல?"

அப்போதுதான் நான் அவர் தாளைப் பார்த்தேன். மூலையில் ரெண்டு ஓட்டை, மற்றபடி சலவைக்குப் போய்வந்த மாதிரி இருந்தது.

"நெல்டா, அவரோட தோட்டா ஒண்ணு குடு."

ஹாய்ட்டின் தோட்டா என்னுடையதைவிட நல்ல தடிமன். விளிம்பில் இருந்த ஓட்டைகளில் அதன் மூக்கை விட்டுப் பார்த்தேன். செருப்பில் கால் நுழைவது போலச் சுகமாக நுழைந்தது. நடுக்கொத்து ஓட்டைகளில் நுழைய மறுத்தது. ஒவ்வொன்றாகச் செய்து காட்டினேன். விளிம்பில் கிடந்தது அத்தனையும் ஹாய்ட் போட்டது. வெடிச் சத்தத்துக்கு முன்பே பயந்து மனுஷன் கையை இடது பக்கம் வெட்டியிருக்கிறார், எல்லாம் என் தாளுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

"காத்து பலமா இருந்துச்சு" என்றார் ஹாய்ட்.

நெல்டா அங்கேயே மண்ணில் உட்கார்ந்து சிரித்தாள். "உனக்குத் தொணையா வந்தவன் உன்னையே சுட்டிருக்கான்டி! தேறிட்ட, போ! பிக்கெட்டுக்கு நான் சொல்லிக்கிறேன்."

ஞாயிறு மாலை ரிவால்வரைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தேன். நீல ஸ்கர்ட்டுக்கு ஆழமான புது வலது பை, அதற்குள் துப்பாக்கியின் வடிவம் வெளியே தெரியாமல் இருக்க ஜீன்ஸ் துணியில் ஒரு உறை. பாடிக்கொண்டே தைத்தேன். திங்கள் காலை மிஷின் மேலிருந்த உறையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். முன்சீட் காலி! கடலைத் தோலையெல்லாம் முந்தின நாளே கூட்டித் தள்ளியிருந்தேன்.

வீடு மலை உச்சியில், சரளைச் சாலை முடிகிற இடத்தில் இருந்தது. வாங்குகிறவர்கள் இன்னும் வரவில்லை. நான் வண்டியை விட்டு இறங்கியதும் வைக்கோல் கொட்டகையின் கதவு கிரீச்சிட்டது. கதவளவு மனிதன் ஒருவன் வெளியே வந்தான். கையில் கோடாரி.

என் வலது கை தானாகப் பைக்குள் போனது. உறைக்கு மேலாகப் பிடித்துக்கொண்டேன். கனம் இருந்தது, போதும்.

"அங்கயே நில்லுங்க. யாரு நீங்க?" என் குரலா அது? எனக்கே புதுசாக இருந்தது.

அவன் கோடாரியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கினான். "அம்மா, பக்கத்துப் பண்ணைங்க. வேலி மேல மரம் சாஞ்சிருச்சு, அத வெட்டிப் போடலாம்னு வந்தேன். பைக்குள்ள இருக்கறத அங்கயே விட்ருங்கம்மா, புண்ணியமாப் போவும்."

"விட்டாச்சு. இந்த வீட்டுக் கெணறு எப்படி?"

"வத்தினதே இல்லைங்க."

"வாங்குறவங்க இப்ப வருவாங்க. அவங்ககிட்ட அதயே சொல்லிட்டுப் போங்க."

சொன்னான். வந்தவர்கள் ஒரு வாலிபனும், வயிறு தள்ளிய அவன் மனைவியும். யாரும் எந்தத் தொட்டியிலும் சாகாததால் காலை நேரம் அருமையாகப் போனது. சமையலறையில் அவன் ஒரு சுவரைக் காட்டினான். "எங்க மான்கறி பிரீசர் இங்க நிக்குமா?"

"அளந்துருவோம்" என்று இடது பையில் கை விட்டேன். காலி. இது என்ன கூத்து? வலது பையைத் தொட்டேன். உறை இருந்தது. உருண்டையாக இருந்தது. கொஞ்சம் அதிகமாகவே உருண்டையாக. அவர்களுக்கு முதுகைக் காட்டி, மெல்லத் திறந்து எட்டிப் பார்த்தேன்.

டேப்!

ரிவால்வரைப் பூட்டி வைத்துவிட்டதால், உறை தைக்கும்போது அளவு பார்க்க டேப்பைத்தான் உள்ளே வைத்தேன். எடுக்கவே இல்லை. ரிவால்வர் இன்னும் வீட்டில், பூட்டிய பெட்டிக்குள் தூங்குகிறது. கோடாரிக்காரனை நான் நிறுத்தி வைத்தது அளவு நாடாவால்.

சிரிப்பை அடக்க முடியவில்லை. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய வழியச் சிரித்தேன். காரணம் தெரியாமலே அந்தப் பெண்ணும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிரீசர் நிற்கும் என்று அளந்து காட்டினேன். வீட்டை எடுத்துக்கொள்கிறோம் என்று வாசல்படியிலேயே சொல்லிவிட்டார்கள்.

அவர்கள் போனதும் வண்டியில் ஏறினேன். டேப்பை மடியில் போட்டுக்கொண்டேன். பயம் துளிகூட இல்லை. ஒரு குழந்தையைப் போலச் சந்தோஷமாக இருந்தேன்.

போன் அடித்தது. ஹாய்ட்.

"அண்ணி, ஒண்ணும் பிரச்சன இல்லியே?"

"வீடு வித்தாச்சு. கோடாரியோட ஒருத்தன் வந்தான், நில்லுன்னேன், நின்னுட்டான்."

"பாத்தீங்களா! பையில அது இருந்துச்சு, சரியாப் போச்சு. அது இல்லேன்னா அங்க தனியா நின்னுருப்பீங்களா நீங்க?"

மடியில் கிடந்த டேப்பைப் பார்த்தேன்.

"நின்னேன்" என்றேன்.

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல ஹாய்ட். இங்க மேல சரியாக் கேக்கல, வெச்சிடறேன்."

கண்ணாடியை இறக்கிவிட்டு, வாய்க்கு வந்ததை உரக்கப் பாடிக்கொண்டே மலையிறங்கினேன்.