அம்மா என்று கீறிய முகம்

என் அண்ணன் றஜீபன் பாரிசில் பெயரெடுத்த ஓவியன். பதின்மூன்று வருடமாக அவன் கீறியதெல்லாம் பெரும்பாலும் ஒரே முகம்தான்: அம்மாவின் முகம். ஊரைவிட்டுத் தப்பி ஓடிப்போனபோது அவன் கையில் ஒரு போட்டோகூட இல்லை. சண்டையும் இடப்பெயர்வுமாக இருந்ததில் பிறகு அனுப்பவும் வாய்க்கவில்லை. "அம்மாவைக் கீறேக்கைதான் நான் ஆர், எந்த ஊர் எண்டு எனக்கே விளங்குது" என்று ரெலிபோனில் சொல்வான். அம்மா அதை எங்கள் ஊர் அல்லைப்பிட்டி முழுக்கச் சொல்லித் திரிந்தார். மீன் வாங்க வந்தவர்கள்கூடத் தப்பவில்லை.

2003இல், சமாதானமென்று பாதை திறந்திருந்தபோது, அண்ணன் படத்தோடு வந்து இறங்கினான். அம்மா பெருநாள் சீலை உடுத்து, அயலையும் கூப்பிட்டு வைத்திருந்தார். அண்ணன் துணியை விலக்கினான்.

படத்தில் இருந்தது அம்மாவே இல்லை, அம்மாவின் அக்கா றோசம்மா. அண்ணன் ஊரைவிட்டுப் போன அதே வருடம் செல் குண்டு விழுந்து செத்துப்போன பெரியம்மா.

பக்கத்து வீட்டுச் சவிரிமுத்தர் வாயைத் திறந்தார். "இது..."

"நான்தான்," என்றார் அம்மா. "என்ர பிள்ளை வடிவாக் கீறியிருக்கிறான்."

"நீங்கள்தான் மெலிஞ்சு மாறிப்போனியள் அம்மா," என்று அண்ணன் அவரைக் கட்டிப்பிடித்து அழுதான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் படத்தைக் கிழித்திருப்பேன்.

குசினிக்குள் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். "ஏனம்மா பொய் சொன்னனீங்கள்?"

"அவனை வள்ளத்தில ஏத்திவிட்டது அக்கா. நான் அழுதால் அவன் போகமாட்டான் எண்டு பனைக்குப் பின்னால மறைஞ்சு நிண்டனான். கடைசியாக் கண்ட முகம்தானே பிள்ளைக்கு மனசில நிக்கும்." அடுப்பை ஊதினார். "அது நானில்லை எண்டால் அவனிட்டை வேற என்ன இருக்கு? நீ வாயைத் திறக்காதை."

சொல்லிவிட்டு அழுதார். நானும் அழுதேன்.

இரண்டு கிழமை நின்று அண்ணன் புறப்பட்ட அன்று அம்மா மறையவில்லை. முகம் கழுவி, தலை வாரி இழுத்து, எல்லாருக்கும் முன்னால், அவனை ஏற்ற வந்த வான் பக்கத்தில் போய் நின்றார். அவனோ பெட்டி ஏற்றுவதிலேயே குறியாக இருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணா, அம்மாவை ஒருக்கா வடிவாப் பாத்திட்டுப் போ."

அவன் சிரித்தான். "அம்மாவின்ர முகத்தை நான் பாக்க வேணுமே? கண்ணை மூடிக்கொண்டும் கீறுவன்."

"ஓம் ராசா," என்றார் அம்மா.