நுவாலாவின் பெயர்

உள்ளூர் வானொலியில் காலை ஒன்பது மணிச் செய்தி முடிந்ததும் அறிவிப்பாளர் கோல்மன் மரண அறிவிப்புத் தாளைக் கையில் எடுத்தார். மேயோ மாவட்டத்துக் கிராமங்களில் இந்த ஐந்து நிமிடத்துக்குப் பால் கறக்கும் இயந்திரத்தைக்கூட நிறுத்திவிடுவார்கள். இன்னார் போய்விட்டார், உடல் இந்த வீட்டில், தேவாலயத்தில் பூசை இத்தனை மணிக்கு என்று வானொலி சொன்னால்தான் அங்கே ஒருவர் செத்ததாக அர்த்தம்.

மூன்று பெயர்களையும் மரியாதையாகவே வாசித்தார். பிறகு வழக்கம்போல ஆரம்பித்தார். "இவங்க யாரும் மேலயும் போகலை, கீழயும் போகலை. முடிஞ்சுபோச்சு, அவ்வளவுதான். மெழுகுவத்திய கரண்ட் போனா ஏத்துங்க." முப்பது வருடமாக இதே பேச்சுதான். ஊர்ப் பாதிரியார் வானொலி நிலையத்துக்கு இரண்டு முறை புகார்க் கடிதம் போட்டிருக்கிறார், ஆனால் ஒரு நாள் நிகழ்ச்சியைக்கூட விட்டதில்லை. திட்டுவதற்காவது கேட்க வேண்டுமே.

இரண்டு வருடத்துக்கு முன் மனைவி நுவாலா இறந்தபோது பூசை வைக்கவில்லை, செபமாலை சொல்ல விடவில்லை, வானொலியில் அறிவிக்கவும் இல்லை. ஊர் வாயடைத்துப் போனது. கொள்கை என்றார். உண்மையில், யார் யார் பெயரையோ வாசித்த வாய் அவள் பெயருக்கு மட்டும் திறக்க மறுத்தது.

யாரிடமும் சொல்லாத இன்னொன்றும் இருந்தது. வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் சமையலறை ரேடியோ ஓடிக்கொண்டிருக்கும், அவருடைய நிலையத்தில்தான். காலையில் அணைத்துவிட்டுத்தான் கிளம்புவார். நுவாலா ஒரு நாள் தங்கை வீட்டுக்குப் போவதென்றாலும் எல்லா பிளக்கையும் பிடுங்கி, வயரைச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டுவிட்டுத்தான் போவாள். கோல்மன் பொத்தானை அழுத்தி அணைப்பதோடு சரி. முதலில் தன் மறதி என்றுதான் நினைத்தார். அப்புறம் அதை யோசிப்பதையே விட்டுவிட்டார். "இன்னிக்கு எப்படிப் பேசினேன்?" என்று காலி நாற்காலியிடம் கேட்கவும் பழகிவிட்டார். ஊருக்கெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்கிற மனுஷன்!

தொலைபேசி விளக்கு எரிந்தது. எதிர்வீட்டு பிரைடி. எண்பத்தாறு வயது. கோல்மன் அவளை நேரடியாக நிகழ்ச்சியில் இணைத்தார்.

"வாங்க பிரைடிம்மா. என்னை நரகத்துக்கு அனுப்பப் போறீங்களா?"

"உன்ன அங்கயும் சேத்துக்க மாட்டாங்க. வாய மூடிட்டுக் கேளு. ஜன்னல் கிட்ட நிக்கறேன். உன் சமையக்கட்டுல நுவாலா நிக்கறாப்பா. நீ ஒவ்வொரு பேரா வாசிக்கறப்ப ரேடியோகிட்ட காதக் குடுத்துக் கேக்கறா."

கேலி ஒன்று நாக்கு நுனிவரை வந்து அங்கேயே நின்றது. "என்ன போட்டிருக்கா?"

"அந்த நீலக் கோட்டு. ரெண்டு வருஷமா கிளம்பித் தயாராத்தான் நிக்கறா. நீ பேரச் சொன்னாத்தானே போவா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிலைய மேலாளர் கைகளை ஆட்டினார். வானொலியில் பத்து நொடி மௌனம் என்பது பெரிய விஷயம். கோல்மனுக்குப் பயமாக இருந்தது. சொல்லிவிட்டால் இன்று வீட்டில் ரேடியோ ஓடாது. சொல்லாவிட்டால் அவள் கோட்டோடு அப்படியே நிற்பாள்.

"நுவாலா டஃபி," என்றார். "கணவர் கோல்மன் வருந்துகிறார். பூசை இல்லை." அதோடு நிறுத்தத்தான் நினைத்தார். முப்பது வருடம் கிண்டல் செய்த வரி தானாக வந்தது. "அமைதியாக இளைப்பாறட்டும்."

"ம்," என்றாள் பிரைடி. ஃபோனை வைத்துவிட்டாள்.

மதியம் வீட்டுக் கதவைத் திறந்தார். சத்தமே இல்லை. சமையலறையில் கெட்டிலின் பிளக், டோஸ்டரின் பிளக், ரேடியோவின் பிளக் எல்லாம் பிடுங்கியிருந்தன. மூன்று வயர்களும் அழகாகச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. கோல்மன் கோட்டைக்கூடக் கழற்றாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.