எட்டு மணிக்குத் திறப்பவள்

“அந்த முனைய நல்லாப் புடிங்க மாமா, சுவத்துல இடிக்குது,” என்றாள் வாசுகி.

மணியம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் மேசையைத் தூக்கினார். அவர் தம்பி, வாசுகியின் கணவன் அர்ச்சுனன், நேற்று மாலை மாரடைப்பில் போய்விட்டான். மருத்துவமனையிலிருந்து பதினோரு மணிக்கு உடல் வரும். வீடு நாலாவது மாடி. மின்தூக்கி கிடையாது, படிக்கட்டுத் திருப்பத்தில் சவப்பெட்டி திரும்பாது. மற்றவர்களைப் போலக் கீழே கார் நிறுத்தும் இடத்தில் பந்தல் போடலாம் என்றார் மணியம். வாசுகி ஒரே பிடியாக நின்றாள். குளுவாங் ஊர்க் கடைவீதியில், கணினியோடு வருகிறவர்களுக்கு மேசை வாடகைக்கு விட்டு அவளும் அவனும் நடத்திய வேலைக்கூடத்தில்தான் அவனைக் கிடத்த வேண்டும்.

“யோசிச்சுப் பேசு வாசுகி. பொணம் வச்ச எடத்துல எவன் வந்து லேப்டாப்பத் தொறப்பான்? ரெண்டே மாசம், கடைய இழுத்து மூட வேண்டியதுதான்.”

“அவரு ஒழைச்ச எடம் மாமா. கார் பார்க்ல போட மாட்டேன்.”

பன்னிரண்டு மேசைகளும் சுவரோரம் போயின.

அர்ச்சுனன் இருபது வருடம் சிங்கப்பூர்த் தொழிற்சாலையில் மாடு மாதிரி உழைத்தவன். வாரம் முழுக்க அங்கே அடுக்குக் கட்டில். ஞாயிறு மட்டும் வீடு, அதிலும் பாதி தூக்கம். கணினியும் கையுமாக உலகம் சுற்றிக்கொண்டே சம்பாதிக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டபோது அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. “நாம வேலையத் தேடி ஓடுனோம். இவனுங்க வேலைய முதுகுல போட்டுக்கிட்டு ஊர் ஊரா வரானுங்க. நம்ம ஊருக்கும் வரட்டுமே லா,” என்றான். குளுவாங்குக்கு எவன் வருவான் என்று ஊரே சிரித்தது. வந்தார்கள். மலிவு வாடகைக்காக வந்தவர்கள் காப்பி பிடித்துப்போய் மாதக்கணக்கில் தங்கினார்கள். கூடம் திறந்த இந்த மூன்று வருடமும் புருஷன் தினமும் வீட்டில் சாப்பிட்டான். கூடத்தை மூடுவதென்றால் அவனை இன்னொரு தடவை சாகக் கொடுப்பது போலத்தான் அவளுக்கு.

இன்று விடுமுறை என்று முன்பதிவுப் பக்கத்தில் போடக்கூட அவளால் முடியவில்லை. கடவுச்சொல் அவனோடு போய்விட்டது. அதனால் பன்னிரண்டு மணிக்குப் போர்த்துகல்காரி இனேஸ் முதுகுப்பையோடு வந்து நின்றாள். அவள் தினமும் உட்காரும் இடத்தில் அர்ச்சுனனின் தலைமாடு இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டவள், அப்படியே வெளியே போய்விட்டாள். மணியம் வாசுகியைப் பார்த்த பார்வையில் ‘நான்தான் சொன்னேனே’ இருந்தது.

மூன்று மணிக்கு ஆண்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சுடலைக்குப் போனார்கள். மேளச் சத்தம் தெருமுனையைத் தாண்டியதும் பெண்கள் தண்ணீர் ஊற்றிக் கூடத்தைக் கழுவினார்கள்.

“தலமாட்டுல வெளக்கு வைக்கணும். பதினாறு நாளைக்கு அணையக்கூடாது,” என்றாள் நாத்தனார் மலர். “வீட்டுலயே வச்சிடலாமா அண்ணி?”

“தல இங்கதான இருந்துச்சு. இங்கயே வை.”

விளக்கேற்றிய பிறகு, வாசுகி இனேஸின் மேசையை இழுத்து வந்து அதன் பக்கத்திலேயே பழையபடி போட்டாள். அப்போதுதான் அழுகை வந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் காலை எட்டுக்குக் கதவைத் திறந்தாள். அஸ்தி கரைக்கக் கிளம்பிய மணியம் வழியில் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

“அலமாக்! இன்னும் கருமாதிகூட முடியல. சனங்க என்னா பேசும்?”

“பேசட்டும் மாமா. அவரு ஒரு நாளும் எட்டத் தாண்டித் தொறந்ததில்ல.”

எட்டரை ஆயிற்று. ஒன்பதும் ஆயிற்று. ஒருவரும் வரவில்லை. மணியம் போகாமல் வாசலிலேயே நின்றார்.

ஒன்பதேகாலுக்கு இனேஸ் வந்தாள். என்றும் இல்லாத வழக்கமாகச் செருப்பை வாசலில் கழற்றினாள். காலி மேசைகளையெல்லாம் தாண்டி நேரே தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.

புழுக்கமாயிருக்கிறதே என்று வாசுகி ஓடிப்போய் மின்விசிறியைப் போட்டாள். விளக்கின் சுடர் படபடத்தது. இனேஸ் எழுந்து வந்து விசிறியை நிறுத்தினாள். திரும்பப் போய் உட்கார்ந்து, கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு, கணினியைத் திறந்தாள்.