சருகுமான் கூண்டுப் பலகை

அடி அண்ணாமலையை ஒட்டி இருக்கும் சின்ன மான் பூங்காவில் கூண்டு கழுவுவது என் வேலை. அதற்கு முன் கீழ்பென்னாத்தூரில் ஒரு ரைஸ் மில்லில் மூட்டை தூக்கினேன். முதுகு போன பிறகு இங்கே வந்தேன். எழுத்துக் கூட்டப் பழகியது நாற்பது வயசுக்கு மேல்தான், சாயங்கால வகுப்பில். அதனாலோ என்னவோ, பூங்காவில் எந்தப் பலகை மாட்டினாலும் முதல் ஆளாக நின்று படித்துவிடுவேன்.

தை மாதம், ஜவ்வாது மலைப்பக்கம் நாய் துரத்திய ஒரு மானைச் சாக்கில் போட்டுக் கொண்டுவந்தார்கள். பூனையைவிடக் கொஞ்சம் பெரிசு. முதுகில் வெள்ளைப் புள்ளி, விலாவில் கோடு, குச்சி குச்சியாக நாலு கால். சூப்பர்வைசர் முருகவேல் பார்த்த மாத்திரத்தில், "புள்ளிமான் குட்டிடா. தாய்க்காரி உட்டுட்டுப் போயிருக்கும்" என்றார். கூண்டில் 'மான் குட்டி' என்று பலகை ஏறியது. புட்டியில் பால் கொடுத்தோம். அது முகத்தைத் திருப்பிக்கொண்டு, கூண்டுக்குள் உதிர்ந்த அத்திப்பழத்தைத்தான் தின்றது.

மாசி போயிற்று, பங்குனியும் போயிற்று. குட்டி வளரவே இல்லை.

"இன்னா தருமா, அதுக்கு வாங்கற பால நீ குடிச்சிடறியா? தொப்ப உனக்குத்தான் ஏறுது" என்பார் முருகவேல்.

சித்திரை பிறந்ததும், காட்டு மிருகங்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் சிந்துஜா வந்தார். கூண்டுக்கு முன் குனிந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணா, இது குட்டி இல்லீங்க. சருகுமான். நல்லா வளர்ந்த பொட்ட. இதுக்கு மேல வளராது."

"அடக் கடவுளே! இத்தினி நாளா கெழவிக்கா பால் ஊத்திக்கினு இருந்தோம்?" என்று முருகவேல் சிரித்தார். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"பெரிய மிருகக்காட்சிசாலை ஒண்ணுல ஆண் ஒண்ணு தனியா கெடக்குது. இத அங்க சேத்துட்டா குட்டி போடும். வண்டிக்குச் சொல்றேன், வந்து ஏத்திக்கும். அதுவரைக்கும் யாரும் பயங்காட்டாம பாத்துக்குங்க. இதுங்க பயத்துலயே செத்துடும்."

பலகைக்கு வாசகமும் அவரே சொன்னார். பெயிண்டர் வரவில்லை, நானே எழுதினேன்.

"அரியங்கறதுக்குச் சின்ன ரவாம்மா, பெரிய றவா?"

"சின்ன ர. பெரிசு போட்டா தெரிஞ்சுக்கன்னு ஆயிடும்ணா."

"அதுவும் நல்லதுதானேம்மா" என்றேன். அப்போதுதான் அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

'சருகுமான். அரிய வகை. இது குட்டி அல்ல. பயந்தால் பின்னங்கால்களால் தரையைத் தட்டும். சத்தம் போடாதீர்கள்.'

நான் எழுதி நாலு பேர் படிக்கப் போகிற முதல் பலகை அது. கோணல் இல்லாமல் வந்ததில் எனக்குப் பெருமைதான்.

வண்டி வருவதற்குள் சித்திரைப் பௌர்ணமி வந்துவிட்டது. கிரிவலம் வந்த கூட்டத்தில் பாதி எங்கள் பூங்காவுக்குள் நுழைந்தது. பேன்ட் போட்ட ஒருவர் தன் மகளுக்குப் பலகையைச் சத்தமாகப் படித்துக் காட்டினார். "பயந்தா காலத் தட்டுமாம் கண்ணு. பாக்கறியா?" கம்பி வலையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். சருகுமான் மூலைக்கு ஓடி, பின்னங்காலால் படபடவென்று தரையை அடித்தது. குழந்தை கைகொட்டிச் சிரித்தது. சுற்றி நின்றவர்கள் செல்போனைத் தூக்கினார்கள்.

"சார், தட்டாதீங்க சார். அது பயப்படுது."

"தெரியுதுய்யா. படிச்சிட்டுத்தானே தட்டறோம்."

அடுத்த கூட்டம் வந்தது. அதுவும் படித்தது, தட்டியது. நான் முருகவேலிடம் ஓடினேன்.

"கூண்ட தார்ப்பாய் போட்டு மூடிடலாங்க."

"யோவ், ஜனம் அதப் பாக்கத்தான்யா உள்ள வருது. மத்த நாள்ல எவன் வர்றான்? அதான் போர்டு வெச்சிருக்கோம்ல, அதுக்கு மேல நாம இன்னா பண்றது?"

ஈரமண்ணை அள்ளி வந்து பலகையில் 'தரையைத் தட்டும்' என்ற வரிமேல் அப்பினேன். பிரயோஜனம் இல்லை. அதற்குள் சங்கதி வாய்வழியாகவே பரவிவிட்டது. வருகிறவர்கள் மீதியைப் படித்துவிட்டு, மறைத்த வரியைத் தாங்களே சொல்லித் தட்டினார்கள்.

பொழுது சாயும்போது அது தட்டுவதை நிறுத்திவிட்டது. சருகுக்குள் போய்ப் படுத்தது. அத்திப்பழத்தை மூக்கருகே வைத்தும் திரும்பவில்லை. காலையில் விறைத்துக் கிடந்தது. மூட்டை தூக்கிய கைக்கு அது ஒரு பாரமே இல்லை. ஆனாலும் இரண்டு கையாலும்தான் தூக்கினேன்.

டாக்டரம்மா போன் செய்தார். வண்டி கிளம்பிவிட்டதாம். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"போர்டு மாட்டுனீங்கதானேண்ணா?"

"மாட்டினேம்மா."

"அப்ப இவ்ளோ கூட்டத்துல ஒருத்தர்கூடவா அதப் படிக்கல?"

படிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். எனக்கும்தான். ஆனால் வாய் வரவில்லை.

"எல்லாருமே படிச்சாங்கம்மா" என்றேன்.