உப்பும் எச்சிலும்

குப்பியின் விளிம்பை நோக்கி நுரை ஏறிக்கொண்டிருக்கிறது, என் தம்பி பெர்க்மான்ஸ் கன்னங்களைக் குழித்துக்கொண்டு மீண்டும் துப்புகிறான், உள்ளே வரைந்திருக்கும் நீலக்கோட்டை எச்சில் தொட வேண்டுமாம், நுரை கணக்கில் சேராதாம், குனிந்திருக்கும் அவன் தலைக்கு மேல் மின்விசிறி சுழல்கிறது, வழுக்கையின் நடுவே வியர்வை மின்னுகிறது, எனக்கோ அது சுருள்முடி அடர்ந்த குழந்தைத் தலையாகத் தெரிகிறது, அம்மாவின் உள்ளங்கையில் கல்லுப்பும் வற்றல் மிளகாயும் இருக்கின்றன, அவள் அந்தக் கையை அவன் முகத்தைச் சுற்றி இறக்கி, துப்பு ராசா, துப்பு, என்கிறாள், துப்பத் தெரியாத குழந்தை உதட்டைப் பிதுக்கி எச்சில் வடிக்கிறது, அதை விரலால் வழித்து உப்பின் மேல் தடவிவிட்டு என் பக்கம் கையை நீட்டுகிறாள், நீயும் துப்புட்டி, ஒந் தம்பிக்குக் கண்ணு பட்டிருக்கு, நான் துப்புகிறேன், உப்பு அடுப்பில் விழுந்து வெடிக்கிறது. குப்பியை மூடித் திருகிவிட்டு அவன் நிமிர்ந்தான், எக்கா, மச்சாடோ ரத்தம் இதுக்குள்ள இருக்கு, பத்திரமாப் பிடி, என்று சிரித்தபடி என் கையில் தந்தான், அது வெதுவெதுப்பாக இருந்தது, அப்போதே அதைக் கழுவுதொட்டியில் கவிழ்த்திருக்கலாம், கை தவறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம், நானோ அதை உறையிலிட்டு, ஓரத்தை ஒட்டி, முகவரி சரிதானா என்று கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்துப் பார்த்தேன்.

மச்சாடோ எங்கள் குடும்பப் பெயர், எந்தக் காலத்திலோ ஞானஸ்நானத் தண்ணீரோடு போர்த்துக்கீசியர் எங்கள் கடற்கரையில் ஊற்றிவிட்டுப் போன பெயர், கப்பல் கம்பெனி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு என் தம்பிக்கு அந்தப் பெயரே வேலையாகிவிட்டது, தூத்துக்குடியிலும் கொழும்பிலும் மும்பையிலும் இருக்கும் மச்சாடோக்களையெல்லாம் தேடிப்பிடித்து வாட்ஸ்அப்பில் ஒரு குழுவை உண்டாக்கினான், நாம எல்லாம் ஒரே ஆளோட வாரிசா, இல்ல ஒரே பாதிரியார்கிட்டப் பேர் வாங்கின வேற வேற ஆளுங்களா, அதத்தான் டி.என்.ஏ. பாத்துச் சொல்லப் போறாங்க, என்று எங்கள் சித்தப்பா மகன் ரெய்மண்டிடம் அவன் விளக்குகிறான், தகப்பன்கிட்ட இருந்து மகனுக்கு மட்டும் போற சங்கதி ஒண்ணு இருக்குடா, பொம்பளைங்களுக்குக் கிடையாது, ரெய்மண்ட் வாயில் பழத்தை வைத்துக்கொண்டே, போர்ச்சுகல்ல நம்ம பேர்ல தோட்டம் தொரவு இருந்தாச் சொல்லுண்ணே, நாளைக்கே ஏறிருவோம், என்கிறான், எல்லோரும் சிரிக்கிறார்கள், நானும் சிரிக்கிறேன், சிரித்துக்கொண்டே அடுக்களைக்குள் போய் அடுப்புத் திண்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும், தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும், குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, அது கொல்லத்து மழையாக இருந்தது.

கொல்லத்தில் மழை பெய்கிறது, பப்பாவுக்கு அங்கே மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை, இரண்டு பிள்ளைகளை வயிற்றிலேயே இழந்த அம்மா குடைக்குள் என்னை இடுக்கிக்கொண்டு கன்னியர் மடத்தின் படிகளில் ஏறுகிறாள், மெழுகு தேய்த்த தரையில் என் ஈரப் பாதங்கள் வழுக்குகின்றன, வெள்ளை அங்கி அணிந்த சிஸ்டர் ஒருவர் துவாலைப் பொதி ஒன்றை அம்மாவின் கையில் வைக்கிறார், பொதிக்குள் ஒரு வாய் திறந்து மூடுகிறது, பப்பா சுவரைப் பார்த்தபடி கண்ணைத் துடைத்துக்கொள்கிறார், அம்மா அந்தப் பொதியை என் மடியில் இறக்குகிறாள், இது ஒந் தம்பி, என் வயித்துலதான் பொறந்தான், கர்த்தர் கேட்டாலும் நீ இதத்தான் சொல்லணும், புரிஞ்சுதா, புரிந்தது என்றேன், எனக்கு ஏழு வயது. வேலை முடிந்து ஊர் திரும்பியபோது பேருந்திலிருந்து இறங்கிய எங்களை உறவெல்லாம் சூழ்ந்துகொண்டது, அப்படியே பப்பா மூக்கு என்றார்கள், பப்பா நெற்றி என்றார்கள், அம்மா என் தோளை ஒருமுறை அழுத்தினாள், பப்பா போய்ச் சேர்ந்தார், அம்மாவும் போய்ச் சேர்ந்தாள், அந்த அழுத்தம் மட்டும் என் தோளிலேயே தங்கிவிட்டது, அதை நான் விசுவாசம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சோதனை முடிவு வந்த செய்தியை எனக்குச் சொன்னவன் ரெய்மண்ட், எல்லாருக்கும் ஒண்ணுபோல வந்திருக்குக்கா, கொழும்புக்காரனுக்கும் எனக்கும்கூட அச்சு அசலாப் பொருந்துது, அண்ணனுக்கு மட்டும் யாரோடயும் பொருந்தல, குரூப்ப விட்டே போயிட்டாவ, போனையும் எடுக்க மாட்டேங்குறாவ, என்றான், அவன் குரலில் வழக்கமான கேலி இல்லை, அதுதான் என்னை அச்சுறுத்தியது. மறுநாள் என் தம்பி வந்தான், செருப்பைக் கழற்றாமலே கூடத்தில் நின்றான், சுவரில் மாட்டியிருந்த அம்மாவின் படத்தை ஏறிட்டுப் பார்த்தான், கொல்லத்துல பக்கத்து வீட்டுல ஒரு ஆள் இருந்தாராமே, ஆர்மோனியம் வாசிப்பாராமே, அம்மாகூட நல்லாப் பேசுவாராமே, நீதானக்கா ஒருநாள் சொன்ன, என்றான், நான் சொல்லியிருக்கிறேன், அந்த ஆர்மோனியக்காரர் எனக்கு மிட்டாய் தருவார், அவ்வளவுதான், அவ்வளவுதான் என்று சொல்ல வாயெடுத்தேன், அவன் முந்திக்கொண்டான், பப்பா பாவம், கடைசி வரைக்கும் ஒண்ணும் தெரியாமலே போயிட்டாரு, அவருக்கு என்ன பதில் சொல்லியிருப்பா இவ. இவ என்றான், அம்மாவை, காய்ச்சலில் அவன் கிடந்த நாள்களிலெல்லாம் பனியில் முழங்காலிட்டு மாதா கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றியவளை, இவ என்றான், நான் என்ன செய்தேன், எனக்கு அப்ப சின்ன வயசுடா, ஒண்ணும் ஞாபகமில்ல, என்றேன். உண்மையைச் சொன்னால் தகப்பனோடு தாயும் அவனுக்கு ரத்தத்தில் இல்லாமல் போவாள், சொல்லாவிட்டால் அம்மாவின் பெயர் மட்டும்தான் கெடும் என்று நான் தராசு பிடித்தேன், இறந்தவள் பொறுத்துக்கொள்வாள் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன், அன்றைக்கு உறக்கத்தில் அம்மா மழையில் நிற்கிறாள், கையில் பொதியும் இல்லை, குடையும் இல்லை, என்னைப் பார்க்காமல் நிற்கிறாள்.

கல்லறைத் திருநாள் நெருங்கியது, பப்பாவும் அம்மாவும் ஒன்றாகத் துயிலும் கல்லறைக்குப் புதிய பளிங்குக்கல் பதிக்க வேண்டுமென்று அவன் முன்பே ஏற்பாடு செய்திருந்தான், கல் வெட்டும் பட்டறை வழியாகச் சந்தைக்குப் போனவள் எட்டிப் பார்த்தேன், கல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது, பப்பாவின் பெயர் பொன்னிறத்தில் இருந்தது, அதன் கீழே ஒன்றுமில்லை, வழவழப்பான வெறும் வெண்மை, அம்மா பேர் எங்கண்ணே, என்று கேட்டேன், ஒங்க தம்பி அது வேண்டாம்னுட்டாரும்மா, எடம் சும்மா கெடக்கட்டும்னு சொன்னாரு, என்றார் கல் வெட்டுகிறவர், தூசி படிந்த அந்த வெண்மையில் என் விரல் தானாகப் போய்ச் செசிலி என்று எழுதியது, எழுதியதை அவர் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீட்டுக்கு வந்தால் அவன் எனக்காகக் காத்திருக்கிறான், மேசைமேல் இன்னொரு குப்பி, அதே நீலக்கோடு, எக்கா, நீ ஒரு தடவ துப்பிக் குடு, இது வேற சோதனை, பொம்பளைங்களும் குடுக்கலாம், பப்பா வேறன்னாலும் அம்மா ஒண்ணுதான, பாதியாவது பொருந்தும், ஒலகத்துல எனக்குன்னு நீ ஒருத்தி இருக்கேன்னு ஒரு காயிதத்துல வந்தாப் போதும்க்கா, வேற ஒண்ணும் வேண்டாம்.

நான் குப்பியை உதட்டருகே கொண்டுபோனேன், வாயில் ஈரமே இல்லை, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது, புளியங்காய நெனச்சுக்கோக்கா, தானா ஊறும், என்று அவன் சிரிக்க முயன்றான், நான் புளியங்காயை நினைத்தேன், மாங்காயை நினைத்தேன், வரவில்லை, இதில் துப்பிக் கொடுத்தால் போதும், நான் வாய் திறக்கவே வேண்டாம், எங்கோ ஓர் அயல்நாட்டில் ஓர் இயந்திரம் எனக்காக அவனிடம் சொல்லிவிடும், தன்னந்தனியாக அமர்ந்து அந்தத் தாளை வாசிக்கும் அவன் முகத்தைக் கண்டேன், குப்பியைக் கீழே வைத்தேன். பெர்க்மான்ஸ், பொருந்தாது, என்றேன், பாதியும் பொருந்தாது, அம்மா ஒரு தப்பும் செய்யல. பிறகு மழையைச் சொன்னேன், படிகளைச் சொன்னேன், துவாலைப் பொதியைச் சொன்னேன், பப்பா சுவரைப் பார்த்து நின்றதைச் சொன்னேன், அவன் மேசை விரிப்பின் ஓரத்திலிருந்த நூலை உருவிக்கொண்டே இருந்தான், நூல் நீண்டுகொண்டே வந்தது, பப்பாவுக்குத் தெரியுமா, என்றான், தெரியும், அவர்தான் ஒன்னைத் தூக்கிட்டு வண்டி ஏறினார், என்றேன், என்னைப் பாராமல், நான் அவள என்னல்லாம் நெனச்சேன், ஒங்கிட்டயே என்னல்லாம் சொன்னேன், நீ கேட்டுக்கிட்டுத்தான இருந்த, என்றான். ஆமாம், கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அவன் கைபேசியை எடுத்தான், கல் வெட்டுகிறவரை அழைத்தான், அந்த எடத்துல செசிலி மச்சாடோன்னு போடுங்கண்ணே, பப்பா எழுத்து அளவுக்கே பெரிசா, ஆமா, இன்னைக்கே, என்றான், குரல் உடையவில்லை, எழுந்து வாசலை நோக்கி நடந்தான், அந்த நடை பப்பாவின் நடை, தோளை ஒருபுறம் சாய்த்து நடக்கும் அதே நடை, அதை அவனுக்குக் கொடுத்தது எந்த ரத்தம், என் கால்கள் அடுக்களைக்குப் போயின, என் கை உப்பு ஜாடிக்குள் போயிற்று, அது என் கையா அம்மாவின் கையா, கல்லுப்பும் வற்றல் மிளகாயுமாக வாசற்படியில் அவனை மறித்தேன், சுற்றினேன், மச்சாடோ எல்லாம் சேந்து கண்ணு வச்சிட்டானுவடா, துப்பு, என்றேன், அவன் என் கையைப் பார்த்தபடி நின்றான், தட்டிவிட்டுப் போயிருந்தாலும் நியாயம்தான், அவன் குனிகிறான், உதட்டைப் பிதுக்குகிறான், துப்பத் தெரியாத குழந்தைபோல அது என் மணிக்கட்டில் வடிகிறது, நான் துடைக்கவில்லை, மேசைமேல் குப்பி காலியாகக் கிடக்கிறது, உப்பு என் உள்ளங்கையில் கசியத் தொடங்குகிறது, நீயும் துப்புக்கா, என்கிறான்.